பழைய கேசட், சின்ன மைதானம்: என்னிடம் விடாமல் கேட்கப்படும் கேள்விகள்

வட கரோலினாவில், டர்ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். கோடைக்காலச் சனிக்கிழமையில் யாராவது கூப்பிட்டால் நான் இரண்டில் ஒரு இடத்தில்தான் இருப்பேன். ஒன்று, கராஜில் பழைய நின்டெண்டோ வீடியோ கேம் பெட்டி முன்னால். இல்லையென்றால் ஏதோ ஒரு மைனர் லீக் பேஸ்பால் மைதானத்தில், மூன்றாவது வரிசையில். இந்த ஊருக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் கேட்க ஆரம்பிப்பார்கள். கேட்டதையே கேட்கிறார்கள் என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

பழைய வீடியோ கேமுக்கும் மைனர் லீக்குக்கும் என்ன சம்பந்தம்?

எனக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுத்ததே ஒரு வீடியோ கேம் கேசட்தான். இங்கே வந்த முதல் வருஷம் ஆபீஸ்காரர்கள் மைதானத்துக்கு அழைத்துப்போனார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு நின்டெண்டோவும் ‘ஆர்.பி.ஐ. பேஸ்பால்’ என்ற கேசட்டும் கிடைத்தன.

அதில் ஓட்டக்காரர்களை நாம்தான் ஓட்ட வேண்டும். கிரிக்கெட் புத்தியில், பந்து மேலே போனதும் ஓடு என்று பட்டனை அழுத்துவேன். பேஸ்பாலில் அந்தப் பந்தைப் பிடித்துவிட்டால் ஓட்டக்காரன் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வருவதற்குள் பந்து வந்துவிட்டால் அவனும் அவுட். ஒரே அடியில் இரண்டு பேர் காலி. இப்படிப் பத்துப் பதினைந்து பேரைக் காவு கொடுத்த பிறகு மறுபடி மைதானத்துக்குப் போனேன். அங்கே நிஜ ஓட்டக்காரன் பாதி வழியில் நின்று, பந்தைப் பார்த்து, திரும்பிப் பாய்ந்தான். சீட்டிலிருந்து எழுந்து கத்தினேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பழைய ரசிகன் என்று நினைத்திருப்பார்.

மைனர் லீக் என்றால் நம்ம ரஞ்சி டிராபி மாதிரியா?

இல்லை. ரஞ்சியில் ஒரு மாநிலம் தனக்காக ஆடுகிறது. இங்கே சின்ன அணி பெரிய அணிக்கு ஆள் தயார் செய்யும் பட்டறை. உச்சியில் இருக்கும் மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு படிகள்: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. மொத்தம் 120 அணிகள். 2021-இல் எல்லாவற்றையும் கலைத்து அடுக்கியபோது சுமார் 40 ஊர்கள் இந்த ஏணியிலிருந்து கழன்றன.

வீரர்களின் சம்பளம் பெரிய அணியின் கணக்கு. மைதானம், டிக்கெட், ஹாட் டாக் எல்லாம் உள்ளூர் முதலாளியின் கணக்கு. யார் ஆட வேண்டும் என்று அந்த முதலாளி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இன்று சதம் போடுவதுபோல அடித்து நொறுக்கும் பையனை நாளைக் காலை விமானம் ஏற்றி மேல் படிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே ‘இன்னாரைப் பார்க்க வாருங்கள்’ என்று விளம்பரம் செய்யவே முடியாது. மைனர் லீக்கின் அத்தனை கோமாளித்தனங்களுக்கும் வேர் இதுதான் என்பது என் கட்சி. ஆளை விற்க முடியாதவர்கள் அந்த மாலையை விற்கிறார்கள்.

சம்பளம் என்றதும் நினைவு வருகிறது. இந்தப் பையன்கள் வெகுகாலம் அரைப்பட்டினிதான். 2022-இல் வீரர் சங்கத்தில் சேர்ந்து 2023-இல் முதல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் டிரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலருக்கு வந்தது.

அணிகளுக்கு ஏன் விசித்திரமாகப் பெயர் வைக்கிறார்கள்?

மேலே சொன்ன காரணம்தான். அலபாமாவில் ‘ராக்கெட் சிட்டி டிராஷ் பாண்டாஸ்’ இருக்கிறது. குப்பைத் தொட்டியைக் கிளறும் ரக்கூனுக்கு வைத்த பட்டப்பெயர் அது. அதே மாநிலத்தில் ‘மான்ட்கோமரி பிஸ்கட்ஸ்’ ஆட்டத்தில் நிஜ பிஸ்கட்டைப் பீரங்கியில் வைத்துக் கூட்டத்துக்குள் சுடுவார்கள் (நம்ம டீ பிஸ்கட் இல்லை, பன் மாதிரி மெத்தென்று இருக்கும்). ஃபுளோரிடாவில் ‘ஜாக்சன்வில் ஜம்போ ஷ்ரிம்ப்’. பெயரே தொப்பியை விற்றுவிடும்.

இதில் என் இரண்டு பைத்தியமும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் ‘லீஹை வேலி அயர்ன்பிக்ஸ்’ அணி 2013-இல் ஆண்கள் கழிப்பறையில் வீடியோ கேம் வைத்தது. கன்ட்ரோலர் கிடையாது, எந்தப் பக்கம் பெய்கிறோமோ அந்தப் பக்கம் திரும்பும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் நிஜம்.

முதலில் எந்த மைதானத்துக்குப் போகலாம்?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு. பயணம் போகத் தயார் என்றால் எனக்குப் பிடித்த சிலவற்றைச் சொல்கிறேன்.

டர்ஹம் எங்கள் ஊர், அதனால் பாரபட்சம் உண்டு. டர்ஹம் புல்ஸ் அணியின் இப்போதைய மைதானம் 1995-இல் திறந்தது. 10,000 பேர் உட்காரலாம். இடது மூலையில் 32 அடி உயர நீலச் சுவர், அதற்கு மேல் ஒரு பெரிய காளை உருவம். ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தால் காளைக்குக் கண் சிவக்கும், மூக்கில் புகை வரும், வால் ஆடும். காளை மேல் பந்து பட்டால் வீரருக்கு மாட்டிறைச்சி ஸ்டேக் பரிசு, காலடியில் இருக்கும் புல்லில் பட்டால் சாலட் என்று எழுதியிருக்கும். 1988-இல் வந்த ஒரு திரைப்படத்துக்காகப் பழைய மைதானத்தில் வைத்த பலகைதான் இந்தக் காளைக்கு முன்னோடி. படத்துக்காக வைத்தது ஊருக்கே அடையாளமாகிவிட்டது. மைதானத்தை ஒட்டி பழைய புகையிலைத் தொழிற்சாலைக் கட்டடங்கள். இப்போது அலுவலகங்களும் சாப்பாட்டுக் கடைகளும். சீக்கிரம் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே போங்கள்.

ஆஷ்வில் மலை ஊர். அங்கே 1924-இல் கட்டிய மெக்கார்மிக் ஃபீல்ட் இருக்கிறது. நான் போனபோது வலது எல்லை 297 அடிதான். அதை ஈடுகட்ட உயரமாக ஒரு சுவர். அணியின் பெயர் ‘டூரிஸ்ட்ஸ்’, அதாவது சுற்றுலாப் பயணிகள். ஸ்கோர்போர்டில் ஒரு வரியில் ‘விருந்தாளிகள்’, அடுத்த வரியில் ‘சுற்றுலாப் பயணிகள்’. அப்படியென்றால் ஊர்க்காரர் யார் என்று என் மகள் கேட்டாள்.

அயோவாவின் டேவன்போர்ட் மைதானம் மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1931 முதல் நிற்கிறது. வலது எல்லைக்குப் பின்னால் ஆற்றுப் பாலம், இடது பக்கம் பெரிய ராட்டினம். 1993-இலும் 2019-இலும் ஆறு பெருகி மைதானத்தைச் சூழ்ந்தது. சாயங்கால வெளிச்சத்தில் பாலத்தில் விளக்கெரியும்போது ஆட்டத்தைக் கவனிப்பது கஷ்டம்.

அலபாமாவில் இருக்கும் பர்மிங்ஹாமின் ரிக்வுட் ஃபீல்ட் 1910 ஆகஸ்ட் 18 அன்று திறந்தது. இன்றும் நிற்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் அதுதான் மூத்தது. வெள்ளையர் அணியும் கறுப்பர் அணியும் ஒரே புல்லில் வேறு வேறு நாட்களில் ஆடிய இடம். பின்னாளில் பேஸ்பாலின் பெரும் நட்சத்திரமான வில்லி மேஸ், 1948-இல் பள்ளிக்கூடப் பையனாக இங்கே ‘பிளாக் பேரன்ஸ்’ என்ற கறுப்பர் அணிக்கு ஆடினார். 2024 ஜூன் 20 அன்று அவரைக் கௌரவிக்க மேஜர் லீக் ஆட்டம் ஒன்றை இங்கே வைத்தார்கள். இரண்டு நாள் முன்னால், ஜூன் 18 அன்று, 93 வயதில் அவர் போய்விட்டார். நான் போனது ஆட்டமில்லாத ஒரு மதியம். காலி மைதானம் போதுமாக இருந்தது.

டிக்கெட், சாப்பாடு, நேரம்?

டிக்கெட் பெரும்பாலும் 10 முதல் 20 டாலருக்குள். சீசன் ஏப்ரலை ஒட்டித் தொடங்கி செப்டம்பரில் முடியும். 2021-க்குப் பிறகு, வெளியூரிலிருந்து வரும் அணி செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே ஊரில் தங்கி ஆறு ஆட்டம் ஆடுகிறது. திங்கள் பெரும்பாலும் விடுமுறை. வாணவேடிக்கை வேண்டுமென்றால் வெள்ளி, சனி பாருங்கள். குழந்தைகளை மைதானத்துக்குள் ஓடவிடுவது பெரும்பாலும் ஞாயிறு.

சைவக்காரர்களுக்கு வேர்க்கடலை, பிரெட்ஸல், நாச்சோஸ், உருளை வறுவல், குட்டி பிளாஸ்டிக் ஹெல்மெட்டில் தரும் ஐஸ்கிரீம். ஹெல்மெட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எங்கள் வீட்டில் அது பருப்பு அளக்கும் கிண்ணம்.

பெற்றோர் வந்திருக்கிறார்கள், அவர்களை அழைத்துப்போகலாமா?

தாராளமாக. நிழல் பக்கம் டிக்கெட் எடுங்கள், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது டர்ஹமுக்கு அழைத்துப்போனேன். ஒரு பேட்டர் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பினான். அம்மா கேட்டார்: “ஏன்டா, இவனுக்கு எதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?” பத்துக்கு மூன்று தடவை அடித்தாலே இங்கே நல்ல பேட்டர் என்று விளக்கினேன். “பத்துக்கு மூணா? உன்னை முப்பது மார்க் வாங்க விட்டிருப்பேனா?” என்றார். ஏழாவது இன்னிங்ஸில் அதே பையன் அடித்தபோது கைதட்டியதும் அவர்தான்.

எப்போது முடியும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

முன்பு அப்படித்தான். இப்போது பந்து எறிவதற்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். 2022-இல் மைனர் லீக் முழுக்கக் கொண்டுவந்தபோது ஆட்டத்துக்குச் சுமார் 25 நிமிடம் மிச்சமாயிற்று. அது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகே அடுத்த வருஷம் மேஜர் லீக்குக்குப் போனது. புது விதிகளைப் பெரும்பாலும் முதலில் இங்கேதான் பரிசோதிப்பார்கள்.

முடியாத ஆட்டம் என்றால் ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்தான். 1981 ஏப்ரல் 18 இரவு தொடங்கிய ஆட்டம் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டியும் சமநிலையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. குளிர் தாங்காமல் வீரர்கள் உடைந்த மட்டைகளைப் பீப்பாயில் போட்டு எரித்துக் குளிர்காய்ந்தார்கள். 21-ஆவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் அணி முந்தியது. முடிந்தது என்று எல்லோரும் மூட்டை கட்டும்போது பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் அடித்துச் சமன் செய்தார். சொந்த அணிக்காரர்களே அவரைக் கட்டிக்கொள்வதா உதைப்பதா என்று தவித்திருப்பார்கள். விடியற்காலை 4.07-க்கு, 32 இன்னிங்ஸ் முடிந்து நிறுத்தியபோது மைதானத்தில் 19 ரசிகர்கள் இருந்தார்கள். ஜூன் 23 அன்று மறுபடி தொடங்கி 18 நிமிடத்தில், 33-ஆவது இன்னிங்ஸில், பாட்டக்கெட் 3-2 என்று வென்றது. எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர் கால் ரிப்கன் ஜூனியர். பாக்ஸும் ரிப்கனும் பின்னாளில் பேஸ்பாலின் உச்ச கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். அந்த 19 பேர் குளிரில் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு பெயர் தெரியாத பையன்களை.

இப்போது கூடுதல் இன்னிங்ஸ் வந்தால் பாதி வழியான இரண்டாவது பேஸில் ஒரு ஓட்டக்காரனை இலவசமாக நிறுத்திவிடுகிறார்கள். ஆட்டம் சட்டென்று முடியும். எனக்கு அதில் சம்மதமில்லை, யார் கேட்கிறார்கள்.

எந்தக் கேசட் வாங்குவது?

பழைய கேம் கடைகளில் விளையாட்டுக் கேசட்தான் மலிவு. ஏராளமாக விற்றது, வருஷா வருஷம் புதுசு வந்ததால் பழையதை எல்லோரும் கழித்துவிட்டார்கள். நமக்கு லாபம்.

‘ஆர்.பி.ஐ. பேஸ்பால்’, 1988. டெங்கன் நிறுவனம் வீரர் சங்கத்திடம் மட்டும் உரிமம் வாங்கியது, லீகிடம் வாங்கவில்லை. அதனால் வீரர்களின் நிஜப் பெயர் இருக்கும், அணிகளின் பெயர் இருக்காது, வெறும் ஊர்தான். எல்லா வீரரும் ஒரே மாதிரி தொப்பையோடு இருப்பார்கள். முகம் கிடையாது, பெயர் மட்டும். இதே கேம் சாம்பல் நிறத்திலும் கறுப்பு நிறத்திலும் கிடைக்கும். டெங்கன் நின்டெண்டோவோடு முறைத்துக்கொண்டு, அனுமதியில்லாத கேசட்டைத் தடுக்கும் அவர்களுடைய பூட்டுச் சிப்பை ஏமாற்றித் தானே தயாரித்தது கறுப்பு. இரண்டும் ஓடும்.

1994-இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த ‘கென் கிரிஃபி ஜூனியர்’ கேமில் கதை தலைகீழ். லீகின் உரிமம் உண்டு, வீரர் சங்கத்தின் உரிமம் இல்லை. அணிகள், சின்னங்கள் எல்லாம் நிஜம். வீரர்களில் கிரிஃபி ஒருவர் பெயர்தான் நிஜம், மற்றவை கற்பனை. அந்தக் காலப் பையன்கள் பத்திரிகையைப் பார்த்து ஒவ்வொரு பெயராக மாற்றி எழுதிக்கொண்டார்கள். கிரிஃபி ஆடிய சியாட்டில் அணியின் பெரும்பங்கை 1992-இல் வாங்கியவர் நின்டெண்டோவின் தலைவர் யமவுச்சி. கேம் வெளியானதில் ஆச்சரியமே இல்லை.

என் மனசுக்குப் பிடித்தது எஸ்.என்.கே.யின் ‘பேஸ்பால் ஸ்டார்ஸ்’, 1989. எந்த உரிமமும் கிடையாது. அணியும் வீரர்களும் நாமே உண்டாக்க வேண்டும், பெண்கள் அணியும் சேர்க்கலாம். ஜெயித்த பணத்தில் வீரர்களைத் தேற்றலாம், தேறாதவரை வெளியே அனுப்பலாம். யார் எத்தனை அடித்தார் என்ற கணக்கைக் கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரி காப்பாற்றி வைக்கும். மைனர் லீக்கை நின்டெண்டோவில் நடத்துவது மாதிரி.

நிஜ மைனர் லீக் அணிகளே வேண்டுமென்றால் ‘எம்.வி.பி. பேஸ்பால் 2005’. பிளேஸ்டேஷன் 2-இல் கிடைக்கும். அந்த வருஷமே வேறொரு நிறுவனம் லீகோடு பிரத்யேக ஒப்பந்தம் போட, எம்.வி.பி. தொடர் மேஜர் லீக்கை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அதன் ரசிகர்கள் இன்னும் துக்கம் அனுஷ்டிக்கிறார்கள்.

ஊரிலிருந்து கொண்டு வந்த மஞ்சள் கேசட் இதில் ஓடுமா?

ஓடாது. நம்ம ஊர் ‘டிவி கேம்’ எல்லாம் ஜப்பானின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல். அதன் கேசட்டுக்கு 60 முனைகள், அமெரிக்க நின்டெண்டோவுக்கு 72. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். ‘99999 இன் 1’ என்று போட்டிருந்தாலும் உள்ளே இருபது கேம்தான் இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

பெட்டியின் லைட் சிமிட்டுகிறது. கேசட்டை ஊதலாமா?

ஊதாதீர்கள். எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். ஊதியபின் ஓடுவதற்குக் காரணம், எடுத்து மறுபடி செருகியதுதான். பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப் கேசட்டில் இருக்கும் ஜோடிச் சிப்போடு பேசிக்கொண்டே இருக்கும். தொடர்பு விட்டால் நொடிக்கு ஒருமுறை மறுபடி தொடங்கும், அதுதான் சிமிட்டல். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு முனைகளைத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை துடையுங்கள்.

அப்படியும் சரிப்படாவிட்டால் பெட்டியைத் திறந்து, 72 முனை இணைப்பானைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, ஒருநாள் முழுக்கக் காயவைப்பவர்கள் உண்டு. நானும் செய்தேன், சரியாயிற்று. எந்தப் பாத்திரத்தில் செய்தேன் என்று வீட்டில் தெரிந்தபின் அந்தப் பாத்திரம் கராஜுக்கு வந்துவிட்டது.

புது டிவியில் போடலாமா? இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா?

போடலாம், ஆனால் பட்டனை அழுத்துவதற்கும் மட்டை சுழல்வதற்கும் நடுவில் ஒரு நொடித்துண்டு விழுந்துவிடும். பேஸ்பாலில் அந்தத் துண்டுதான் எல்லாம். டிவியில் ‘கேம் மோட்’ போட்டால் கொஞ்சம் குறையும். குண்டு டிவி கிடைத்தால் அதுதான் சொர்க்கம். தெருவோரம் இலவசமாக வைக்கிறார்கள், தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

இந்தியாவில் அமெரிக்க அடாப்டரை நேராக 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். இன்னொன்று: நின்டெண்டோ அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏ.சி. அதைச் சேகாவிலோ ஃபேமிகாமிலோ மாட்டினால் பெட்டியைக் கொன்றுவிடலாம்.

மைனர் லீக்கில் இந்தியர் யாராவது ஆடியிருக்கிறார்களா?

உத்தரப் பிரதேசத்திலிருந்து ரிங்கு சிங், தினேஷ் பட்டேல். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்களை 2008-இல் ஒரு டிவி போட்டி கண்டுபிடித்தது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. அதற்கு முன் பேஸ்பாலைத் தொட்டதில்லை. தினேஷ் 2010-இல் திரும்பிவிட்டார். ரிங்கு இன்னும் சில வருஷம் சிங்கிள்-ஏ வரை ஆடி, காயத்தால் விட்டு, பிறகு மல்யுத்த மேடைக்குப் போனார். மேஜர் லீக்கை எட்டாமலே திரும்பியவர்கள் என்று சிலர் சொல்வார்கள். அந்த 120 அணிகளில் பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான்.

ஆட்டோகிராஃப் கிடைக்குமா?

கிடைக்கும், அதிலும் சிங்கிள்-ஏவில். கதவு திறந்ததும் போய் வேலியோரம் நில்லுங்கள், மார்க்கர் பேனா கொண்டுபோங்கள். என் மகளுக்கு எட்டு வயதில் ஒரு பையன் பந்தில் கையெழுத்துப் போட்டான். பத்தொன்பது இருபது வயதிருக்கும். அவள் பெயரைக் கேட்டு, உச்சரிக்க வரும்வரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். அன்று ராத்திரி அவள் ‘பேஸ்பால் ஸ்டார்ஸி’ல் தன் பெண்கள் அணிக்கு நடுவில் அவன் பெயரையும் சேர்த்துவிட்டாள். அடுத்த வருஷம் அவனை விடுவித்துவிட்டார்கள். எங்கள் கேசட்டில் மட்டும் நாலாவதாக இறங்கி அடித்துக்கொண்டிருக்கிறான்.

அந்த பேட்டரி தீர்ந்தால்?

சேமித்ததெல்லாம் போகும். மாற்றுவது பெரிய வேலையில்லை. 3.8 மில்லிமீட்டர் விசேஷ ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன், முனை வைத்த புது பேட்டரி. ஆனால் பழையதை எடுத்த அந்த நிமிஷமே நினைவு அழிந்துவிடும். முன்கூட்டியே சேமிப்பைக் கணினிக்கு எடுக்கும் கருவி ஒன்று வாங்க வேண்டும். அதுவரை அணைக்கும்போது ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அணையுங்கள். எங்கள் கேசட்டுக்கு 35 வயது தாண்டிவிட்டது. புது பேட்டரி வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கருவிக்குப் பணம் கட்டியாயிற்று, இன்னும் வந்து சேரவில்லை.